எடை மேடையில் எந்த வண்டி நிற்க வேண்டும்? ராமநாதபுரம் கடற்கரை வண்டிக்காரர்களின் கேள்விகள்

ராமநாதபுரத்தில் லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ராமேசுவரம், மண்டபத்து மீன், வாலிநோக்கத்து உப்பு, சாயல்குடிப் பக்கத்துக் கரி, உச்சிப்புளித் தேங்காய் எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் வெளியூர் போகின்றன. மேசைக்கு எதிரே நிற்பவர்களுக்கு வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டபடியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தையும், 2019-இல் அதற்கு வந்த திருத்தத்தையும்.

அண்ணே, எடை மேடை என்றால் எல்லா வண்டியும் நிற்க வேண்டுமா? எது நிற்க வேண்டும், எது வேண்டாம்?

சரக்கு ஏற்றும் வண்டி எதுவானாலும், அது இழுத்துச் செல்லும் டிரெய்லரானாலும், உரிய அதிகாரி எடை போடச் சொன்னால் போட்டே ஆக வேண்டும். சக்கரம் நான்கா, பன்னிரண்டா என்று சட்டம் கேட்பதில்லை. சரக்கு ஆட்டோவும் இதில் அடக்கம். சொந்தக் கார், பைக், பயணிகள் ஆட்டோ ஆகியவற்றை யாரும் எடை மேடைக்கு அனுப்பப் போவதில்லை.

ஆனால் சாலையோரம் எடை மேடை தெரிகிறது என்பதற்காக ஒவ்வொரு லாரியும் தானாக வளைந்து உள்ளே போக வேண்டியதில்லை. நம் பக்கம் கண்ணில் படும் மேடைகள் பெரும்பாலும் தனியாருடையவை. நெல், கரி, பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள் தங்கள் வியாபாரத்துக்காக எடை போடும் இடங்கள் அவை. உங்கள் வண்டியின் எடையைச் சட்டம் பார்க்கும் சமயங்கள் இரண்டு. ஒன்று, சுங்கச்சாவடியைக் கடக்கும்போது. இன்னொன்று, மோட்டார் வாகன ஆய்வாளர் மறித்துச் சொல்லும்போது.

போகலூர் சுங்கச்சாவடியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடை காட்டுகிறதே, அது எப்படி? கார் போனாலும் காட்டுமா?

பாதையில் பதித்திருக்கும் உணரிகள் மீது ஒவ்வொரு அச்சாக ஏறும்போது அச்சின் எடையை எடுத்துக் கூட்டிச் சொல்லும் ஏற்பாடு அது. எந்த வண்டி ஏறினாலும் அதற்கு எடை தெரியும். ஆனால் கேள்வி வருவது சரக்கு வண்டிக்குத்தான். மெதுவாக, ஒரே சீராக ஓட்டினால் கணக்கு சரியாக வரும். மேடையில் பிரேக் போட்டு, குலுக்கி எடுத்தால் எடை ஏறியும் இறங்கியும் காட்டும். சந்தேகம் இருந்தால் வண்டியை நிறுத்தி எடுக்கும் மேடையில் மறுபடி போடச் சொல்லிக் கேளுங்கள்.

சுங்கச்சாவடியில் அதிக பாரத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். ரசீதைக் காட்டினால் ஆர்.டி.ஓ. விட்டுவிடுவாரா?

விடமாட்டார். சுங்கச்சாவடியில் வாங்குவது தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி வரும் கூடுதல் கட்டணம். சாலையைத் தேய்த்ததற்கான காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் அபராதம் வேறு. சுங்கச்சாவடி ஊழியருக்கு அந்த அபராதத்தைப் போட அதிகாரமும் இல்லை, தள்ளுபடி செய்ய அதிகாரமும் இல்லை. அந்த ரசீது, அதிக பாரத்துடன் வந்தேன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சி. அதைப் பெருமையாக நீட்டும் ஓட்டுநர்களை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை.

என்னுடையது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. அதற்குப் பெர்மிட்டே வேண்டாம் என்றார்கள். அப்புறம் எடை எதற்கு?

பெர்மிட் வேண்டாம் என்பது உண்மை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று பிரிவு 66 சொல்கிறது. எடை வரம்பு இருப்பதோ பிரிவு 113-இல். அங்கே சின்ன வண்டிக்கு விலக்கு எதுவும் இல்லை.

முக்கால் டன் ஏற்றக்கூடிய வண்டியில் ஒன்றரை டன் ஐஸ் மீனை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலம் ஏறும் குட்டி யானைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கும். அந்த விளக்கைப் பார்த்தாலே ஆய்வாளருக்குப் போதும்.

எந்த எடையைப் பார்த்து ஏற்ற வேண்டும்? கம்பெனிக்காரர் ஒன்று சொல்கிறார், புரோக்கர் ஒன்று சொல்கிறார்.

இரண்டையும் விடுங்கள். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று காலி எடை, மற்றது மொத்த எடை. சரக்கோடு சேர்த்து வண்டி அந்த மொத்த எடையைத் தாண்டக் கூடாது, சட்டம் அவ்வளவுதான். மொத்தத்தில் காலியைக் கழித்தால் வருவதைச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியில்லை. காலி எடையில் ஓட்டுநரும் கிளீனரும் சேரமாட்டார்கள். அவர்கள் இருவர், குடிதண்ணீர்க் கேன், சமையல் சாமான், மழையில் நனைந்த தார்ப்பாய் எல்லாம் பாரத்தின் கணக்கில்தான் ஏறும்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆனது, மூன்று அச்சு லாரிக்கு 25 டன் 28.5 ஆனது. டிரெய்லர் வண்டிகளுக்கு உச்ச வரம்பு 55 டன். இதைக் கேள்விப்பட்டு, பழைய ஆர்.சி.யில் 16,200 என்று இருக்கும்போதே 18 டன் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் போய் ஆர்.சி.யில் மாற்றிப் பதிந்த பிறகு ஏற்றுங்கள். சாலையில் மறிப்பவர் கையில் இருக்கும் ஆதாரம் உங்கள் ஆர்.சி. மட்டுமே.

மீன் மூன்று டன்தான் ஏற்றினோம். எடை மேடையில் ஆறு டன்னுக்கு மேல் காட்டுகிறது. மேடை பொய் சொல்கிறதா?

இது எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி நடக்கும் சண்டை. மேடை பொய் சொல்லவில்லை, ஐஸ்தான் எடை காட்டுகிறது. நம் ஊர் வெயிலுக்கு மீன் கெடாமல் போக ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ் என்பது நெடுநாள் கணக்கு. மூன்று டன் மீன் என்றால் மூன்று டன் ஐஸ். அதன் மேல் பெட்டிகளின் எடை. ஏலக் கடையில் எழுதும் சீட்டில் மீன் மட்டும்தான் இருக்கும். சாலையில் போவது எல்லாமும் சேர்ந்து.

இன்னொரு விஷயம், கூண்டு. வெப்பம் தாங்கும் கூண்டு கட்டிய வண்டியின் காலி எடை, திறந்த பாடி வண்டியைவிடக் கூடுதல். மொத்த எடை வரம்போ அதேதான். கூண்டு எவ்வளவு கனமோ அவ்வளவு சரக்கு குறைகிறது. ஒரு கணக்குக்கு, மொத்தம் 16.2 டன் வண்டியில் கூண்டோடு காலி எடை 7.5 டன் என்றால் மிச்சம் 8.7 டன். அதில் ஐஸ், பெட்டி, ஆட்கள் போக மீனுக்கு நான்கு டன் கிடைத்தால் பெரிது. திறந்த பாடியை எடுத்துவிட்டுக் கூண்டு மாட்டி, ஆர்.சி.யில் பழைய காலி எடையை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு இரட்டைத் தலைவலி. எடையும் மீறும், வண்டியை மாற்றி அமைத்ததைப் பதியாத குற்றமும் சேரும்.

வழியில் ஐஸ் உருகித் தண்ணீர் ஒழுகிவிடும், சேருமிடத்தில் எடை குறைந்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எடை பார்ப்பது மறித்த இடத்தில். மண்டபத்தில் ஏற்றிய ஐஸ் பரமக்குடிக்குள் உருகிவிடும் என்றால் அந்த மீனைச் சாப்பிடப் போகிறவர்களை நினைத்துத்தான் நான் கவலைப்படுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய் வந்த முதல் நாட்களில்தான் இந்த ஆசை மிஞ்சும். இரண்டு வண்டி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு வண்டியை வைத்து அமுக்குவார்கள்.

உப்பு லாரி பாதிதான் நிறைந்திருந்தது, அதற்குப் போய் மறித்தார்கள். கரி லாரி மலை மாதிரி போகிறது, அதை விடுகிறார்களே?

உப்பு கனமான சரக்கு. பாடியில் பாதி உயரம் வரும்போதே எடை நிறைந்துவிடும். அம்பாரத்திலிருந்து ஈரத்தோடு அள்ளினால் இன்னும் கனம். எனவே கண்ணால் பார்த்து உப்பு ஏற்றவே கூடாது. ஈர மணலும் சவுடும் அப்படியே. டிப்பர் தொட்டி நிறைய அள்ளிப் போட்டால் வரம்பு எப்போதோ போய்விட்டிருக்கும்.

கரி நேர் எதிர். சீமைக் கருவேலங்கரி மூட்டையை எவ்வளவு அடுக்கினாலும் எடை தாண்டுவது அரிது. ஆனால் அதற்கு வேறு பிரிவு காத்திருக்கிறது. பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ, முன்னும் பின்னுமோ, உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டினால் 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய். ஆக, கரி லாரியை விட்டுவிட்டார்கள் என்று பொறாமைப்பட வேண்டாம். வைக்கோல், தென்னை நார், காலி மீன் பெட்டி ஏற்றுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மொத்த எடை சரியாக இருந்தும் அதிக பாரம் என்றார்கள். அது எப்படி?

அச்சு எடையைப் பார்த்திருப்பார்கள். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன், பின்னால் சேர்ந்தாற்போல இருக்கும் இரட்டை அச்சுக்கு 21 டன் என்று தனித்தனி வரம்பு உண்டு. மொத்தம் 18 டன்னே இருந்தாலும் அதில் 13 டன் பின் அச்சில் அமர்ந்திருந்தால் மீறல்தான். சாலையையும் பாலத்தையும் உடைப்பது மொத்த எடை அல்ல, ஓர் அச்சு ஓரிடத்தில் அழுத்தும் எடை.

வழியில் இறக்கிக்கொண்டே போகும் வண்டிகளுக்கு இது தலைகீழாகவும் வரும். கதவுப் பக்கத்துப் பெட்டிகளை முதல் இரண்டு ஊர்களில் இறக்கிவிட்டால் மீதிச் சரக்கு முழுவதும் முன்பக்கம் நின்றுவிடும். மொத்தம் குறைந்திருக்கும், முன் அச்சு தாண்டியிருக்கும். லோடுமேன்களிடம் சொல்லி நடுவில் ஒருமுறை நகர்த்தி வைக்கச் செய்யுங்கள்.

வெறும் வண்டியாகத் திரும்பி வருகிறேன். அப்போதும் நிற்க வேண்டுமா?

நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தொட்டியைத் திறந்து காட்டினால் வேலை முடிந்தது. கூண்டு வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

வயல் வேலைக்கு வைத்திருக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் இது உண்டா?

முதல் பதிலில் டிரெய்லரைச் சேர்த்தே சொன்னேன். சட்டத்தில் அந்தச் சொல் தனியாகவே இருக்கிறது. சொந்த மிளகாய் மூட்டையை வீட்டுக்கு ஏற்றி வரும் டிராக்டரை எடை மேடைக்கு யாரும் ஓட்டச் சொல்வது வழக்கமில்லை. அதே டிரெய்லரில் வாடகைக்கு மண் அடித்தால் கதை வேறு. அங்கே எடைக்கு முன்னால் கனிமவளத் துறையின் நடைச்சீட்டைக் கேட்பார்கள்.

யார் சொன்னால் எடை போட வேண்டும்? போலீஸ்காரர் சொன்னாலுமா? எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போவார்கள்?

பிரிவு 114 குறிப்பிடுவது மாநில அரசு அதிகாரம் கொடுத்தவரை, பெரும்பாலும் போக்குவரத்துத் துறை அதிகாரியை. அதிக பாரம் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அவர் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி ஆவணங்களைக் கேட்டால் காட்ட வேண்டியது உங்கள் கடமை. அவர் ஆய்வாளரை வரவழைக்கலாம். சாலையில் நின்று சட்டம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு.

தூரத்துக்கு அளவு உண்டு. போகும் வழியின் ஏதேனும் ஓரிடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் மேடைக்குத்தான் அனுப்பலாம். வந்த வழியே நாற்பது கிலோமீட்டர் திருப்பி ஓட்டச் சொல்வது அந்தப் பிரிவில் இல்லை.

அபராதம் எவ்வளவு? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சட்டத்தில் இருப்பது இதுதான். அதிக பாரம் என்றாலே 20,000 ரூபாய். அதன் மேல், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நான்கு டன் மீறினால் 28,000. சரக்கை இறக்கும் கூலியும் உங்கள் தலையில். 2019 செப்டம்பர் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முந்தைய காலத்தின் 2,000 ரூபாயை இன்னும் நினைவில் வைத்துக்கொண்டு சரக்கு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பணத்தோடு முடியவும் இல்லை. அதிக பாரம் ஏற்றினால் ஓட்டுநரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தினக்கூலி ஓட்டுநருக்கு 28,000 ரூபாயைவிட இது பெரிய அடி. முதலாளிகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

நிற்காமல் போய்விட்டால்? அல்லது கொஞ்சத்தை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனால்?

இரண்டுக்கும் ஒரே தண்டனை, 40,000 ரூபாய். எடை போட மறுப்பதும், எடை போடுமுன் சரக்கை இறக்குவதும் 194(2)-இல் ஒன்றாகவே இருக்கின்றன. முந்தைய பதிலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து டன் அதிகம் ஏற்றியவனுக்கு வருவதும் 40,000தான். ஒரு டன் மீறலுக்கு 22,000 கட்டிவிட்டுப் போக வேண்டியவன், ஓடியதால் பத்து டன் மீறியவனின் தொகையைக் கட்டுகிறான். பிடிபட்ட பிறகு அந்த ஒரு டன்னும் மறைந்துவிடாது.

ராமேசுவரத்திலிருந்து கிளம்பும் வண்டிக்கு ஓடவும் இடமில்லை. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் தீவிலிருந்து வெளியேறும் சாலை. மண்டபம் தாண்டிய பிறகு தேவிபட்டினம் பக்கமாகவோ ஊர்ச்சாலைகளிலோ நுழைந்து சுங்கச்சாவடியைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. சுங்கம் மிச்சமாகலாம். எடை வரம்பு எல்லாப் பொதுச் சாலைக்கும் ஒன்றே, ஆய்வாளர் அங்கேயும் வருவார்.

அபராதம் கட்டியாகிவிட்டது. அதே சரக்கோடு கிளம்பலாம்தானே?

கூடாது. கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். பணம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போக அனுமதிக்கும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் அதை மறுத்துவிட்டது. இப்போது அது பிரிவு 194-இலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மீனாக இருந்தால் என்ன செய்வது? இறக்கி வைத்தால் அழுகிவிடுமே?

அழுகும் சரக்கு என்று சட்டத்தில் சலுகை இல்லை. இறக்குவது உங்கள் பொறுப்பில்தான் என்றும் தெளிவாக இருக்கிறது. கையாளத் தெரிந்தவர்கள் இன்னொரு வண்டியை வரவழைத்து அங்கேயே மாற்றுவார்கள். அதற்கு ஓட்டுநரின் கைப்பேசியில் பக்கத்து ஊர்க் காலி வண்டிகளின் எண்கள் இருக்க வேண்டும். நடுராத்திரியில் முதலாளியை எழுப்பி, அவர் புரோக்கரை எழுப்பி, வண்டி வந்து சேர்வதற்குள் நண்டும் கணவாயும் விலை இழந்துவிடும்.

நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். ஏற்றியவர் முதலாளி. அபராதம் யார் கட்ட வேண்டும்?

ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் பிரிவு 194-இன் கீழ் வருவார்கள். ஓட்டுபவர் உரிமையாளர் இல்லை என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது பிரிவு 113(4). சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது. ஆனால் உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். எடைச் சீட்டு இல்லாமல் சாவியை வாங்காதீர்கள்.

இரண்டு எடை மேடையில் இரண்டு எடை காட்டுகிறது. எதை நம்புவது?

முத்திரையைப் பாருங்கள். எடை மேடையை ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சோதித்து முத்திரையிட வேண்டும். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும். அது காலாவதியான மேடையின் சீட்டுக்கு மதிப்பில்லை.

அடுத்து, எப்படி எடை போட்டார்கள் என்று பாருங்கள். ஒரு மேடையில் ஓட்டுநரும் கிளீனரும் இறங்கி நின்று, இன்னொன்றில் உட்கார்ந்தபடியே போட்டிருப்பார்கள். நடுவில் டீசல் நிரப்பியிருப்பார்கள்; 200 லிட்டர் டீசல் 165 கிலோவுக்கு மேல். பின் சக்கரம் மேடையின் விளிம்பில் பாதி ஏறி நின்றிருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஓரிரு நூறு கிலோ வித்தியாசம் வந்தால், கூடுதலாகக் காட்டும் எடையை உண்மை என்று வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். வரம்பின் கடைசிக் கிலோ வரை நிரப்பும் பழக்கம்தான் எல்லாத் தகராறுக்கும் ஆரம்பம்.

ஜி.எஸ்.டி. வந்ததும் செக்போஸ்ட்டை எல்லாம் எடுத்துவிட்டார்களே, இன்னும் எதற்கு நிறுத்துகிறார்கள்?

2017-இல் எடுத்தது வணிகவரித் துறையின் சோதனைச்சாவடிகளை. புளியரை போன்ற எல்லைகளில் இருப்பது போக்குவரத்துத் துறையின் சாவடி. கேரளாவுக்கு மீன் கொண்டு போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐஸ் போட்ட பச்சை மீனுக்கு வரி இல்லை, உப்புக்கும் இல்லை. வரி இல்லை என்கிற காகிதத்தைக் காட்டி எடையிலிருந்து தப்ப முடியாது.

சரக்கு வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏர்வாடிக்கும் ராமேசுவரத்துக்கும் வருகிறார்களே? ஆட்கள் எடை குறைவுதானே?

எடை குறைவாக இருக்கலாம், குற்றம் குறைவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதும் உரிமத்தை நிறுத்தும் பட்டியலில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் லோடு வண்டிக்குப் பின்னால் குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது எடை மேடை எல்லாம் ஞாபகத்துக்கே வராது.

அமெரிக்காவில் எல்லா லாரியும் எடை நிலையத்துக்குள் போயே ஆக வேண்டுமாமே? மச்சான் வீடியோ அனுப்பினான். அந்தச் சட்டம் இங்கே உண்டா?

இங்கே இல்லை. அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் அரசு நடத்தும் எடை நிலையங்கள் உண்டு. திறந்திருக்கிறது என்று பலகை எரிந்தால் வணிக வண்டிகள் தாமாகவே உள்ளே போக வேண்டும். எந்த எடைக்கு மேல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன். அவர்களுடைய தேசிய நெடுஞ்சாலைகளில் பொதுவான உச்ச வரம்பு 80,000 பவுண்டு, 36 டன் சொச்சம். நம் 55 டன்னை அங்கே சொன்னால் மிரள்வார்கள்.

மச்சான் வீடியோவைப் பார்த்துவிட்டு, இங்கே பலகை எரியாததால் நிற்க வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். இங்கே பலகையின் வேலையை ஆய்வாளரின் கை செய்கிறது.